மந்தைவெளியில் ஓர் ஆட்டம்

எங்கள் வீட்டில் என்னை நம்பி யாரும் எந்த வேலையையும் ஒப்படைப்பதில்லை. திட்டம் போடும் வேலையை மட்டும் நானாகவே எடுத்துக்கொள்வேன். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. எண்பது பக்கம், கோடு போட்டது. காசிக்குப் போவதென்றாலும் சரி, தெருமுனையில் மாவு அரைக்கக் கொடுப்பதென்றாலும் சரி, முதலில் நோட்டைத் திறந்துவிடுவேன். மகள் கல்யாணத்துக்கு நான் போட்ட திட்டத்தில் மழை, மின்வெட்டு, நாதஸ்வரக்காரர் வராமல் போவது ஆகிய மூன்றுக்கும் மாற்று ஏற்பாடு இருந்தது. தாலி யார் பையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. அதை என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்காதவர்களிடமும் சொல்கிறாள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் இன்சூரன்ஸில் இருந்தவன். அதிலும் க்ளெய்ம் பிரிவு. பாலிசிப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருக்கும் விதிகளைக் காட்டி, எதிரே கண்ணீரோடு உட்கார்ந்திருப்பவரிடம், "ஸார், கையெழுத்துப் போடும்போதே இதைப் படிச்சிருக்கணும்" என்று சொல்வது என் தொழில். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னிடமே இதை ஒருவர் சொல்லப்போகிறார்.

மகள் குடும்பம் ஸ்காட்லாந்தில், டண்டீ நகரத்தில் இருக்கிறது. ஆறு மாத விசாவில் நானும் மனைவியும் போயிருந்தோம். அவளுக்கு அங்கே வேலை இருந்தது: சமையல், பேரன், ரசப்பொடி இல்லாமல் ரசம் வைப்பது. எனக்குக் காலையில் பேரனை நர்சரியில் விடுவது, மாலையில் கூட்டி வருவது. நடுவில் ஆறு மணி நேரம் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டு விபத்துகள் எல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் நடந்திருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, இங்கேருந்து பஸ்ல போற தூரத்துலதான் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் பொறந்த ஊருன்னே சொல்வாங்க. அங்கே ஓல்டு கோர்ஸ்னு இருக்கே, அது பப்ளிக் கோர்ஸ். யார் வேணாலும் ஆடலாம்."

யார் வேண்டுமானாலும். அந்த இரண்டு சொற்கள்தான் என்னைக் கெடுத்தன.

சென்னையில் கோல்ஃப் என்றால் எனக்குச் சுவர். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி ஒரு கிளப் மைதானம் உண்டு. பணியில் இருந்த காலமெல்லாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அந்தப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்திருக்கிறேன். மரம் தெரியும், கொஞ்சம் பச்சை தெரியும், அதற்குள் சிக்னல் விழுந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் வேறு ஜாதி மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு ஓய்வு பெற்றேன். இப்போது உலகத்தின் ஆதி மைதானமே யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கிடக்கிறதாம்.

நோட்டைத் திறந்தேன்.

முதலில் சரித்திரம். டிக்கெட் விலைக்கு முன்னால் ஸ்தல புராணம் பார்ப்பவன் நான். அந்த மைதானம் கடலோர மணல் நிலம், ஊர்ப் பொது. ஆடு மாடு மேய்ந்த இடம். நம் கணக்கில் சொன்னால் மந்தைவெளி. நம் மந்தைவெளியில் மந்தையும் போய் வெளியும் போய் பஸ் ஸ்டாண்டு வந்தது. அவர்கள் மந்தைவெளியாகவே வைத்துக்கொண்டார்கள். அங்கே பந்தடித்து ஆட ஊர் ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று 1552இல் ஜான் ஹாமில்டன் என்ற ஆர்ச்பிஷப் எழுத்தில் ஒப்புக்கொடுத்திருக்கிறார். 1797இல் ஊர் நிர்வாகம் கடனில் முங்கி நிலத்தை விற்றது. அது முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. முயல் வளை தோண்டினால் பந்து எங்கே உருளும்? ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டிலும் சண்டை, வெளியிலும் சண்டை. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்கே விட்டபிறகுதான் அடங்கியது. 1974 முதல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

இதை இரவுச் சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டினேன். கூடவே, 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், ஜனங்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிறார்கள் என்று கோல்ஃபையே தடை செய்ததையும் சொன்னேன்.

"அந்த ராஜாவுக்கு வீடு வாசல் இருந்திருக்கு" என்றாள் மனைவி. "சரி, ஒரு ஆட்டத்துக்கு எவ்ளோ?"

"சீசன்ல முந்நூறு பவுண்டுக்கு மேல."

"முந்நூறு பவுனா!"

பவுன் இல்லை, பவுண்டு என்று தெளிய வைப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. தெளிந்தபிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு பந்தைத் தொலைக்கப் போகிற மனிதரை அவள் பார்த்ததில்லையாம். அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களுக்கு வருஷம் முழுவதும் ஆடவே சில நூறு பவுண்டுதான் என்ற உண்மையை அப்போது சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

தர்மக் கடை ஒன்றில் பதினைந்து பவுண்டுக்குப் பையோடு ஏழு மட்டை கிடைத்தது. பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் பொருள். அவற்றில் நான்கு வலது கைக்காரருக்கு, மூன்று இடது கைக்காரருக்கு என்பது தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை அந்த மூன்றில் ஏதோ தனி நுட்பம் இருப்பதாக நினைத்திருந்தேன்.

பிறகு வேவு பார்க்கப் போனேன். டண்டீயிலிருந்து 99ஆம் எண் பஸ், டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இறங்கி சவுத் ஸ்ட்ரீட்டில் நடந்தால், பழைய கல் கட்டடம் ஒன்று. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். நான் வெயிலில் நின்றுவிட்டேனோ என்று பார்த்தால் வெயிலே இல்லை. விசாரித்தால் விஷயம் உண்மைதான். ஆண்ட்ரூ பெல் என்று ஒருவர், 1753இல் இதே ஊரில் நாவிதர் மகனாகப் பிறந்தவர், நம் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்தினார். அங்கே உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தம் விடுதியில் வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இருக்கிறானே, அவனேதான். ஊர் திரும்பி 'மெட்ராஸ் முறை' என்று பெயர் சூட்டிப் பரப்பினார். அவர் விட்டுப்போன பணத்தில் 1833இல் வந்த பள்ளிக்கூடம் 2021 வரை நடந்த கட்டடம் இது. எழும்பூர் மணல் இத்தனை தூரம் வந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து, அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள்.

மைதானம் ஊரோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவர் இல்லை. இதை நான் இரண்டு முறை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். கடைசிக் குழியின் பச்சைக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பக்கத்திலேயே தெரு. முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் சேர்த்து ஒரே பெரிய புல்வெளி. அதன் குறுக்கே பொதுப்பாதை ஒன்று போகிறது. நாய் பிடித்தவர், தள்ளுவண்டி தள்ளும் தாய், யாரோ ஒரு தாத்தா எல்லாரும் அதில் கடக்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தவர் மட்டையை ஓங்கிக்கொண்டு, தள்ளுவண்டி போகட்டும் என்று காத்திருக்கிறார். எந்தச் சோஷலிஸ்ட் மாநாட்டிலும் எனக்கு இந்தத் திருப்தி கிடைத்ததில்லை.

முதல் அடி அடிக்கும் இடத்தில் வேலியோரமாக ஒரு மணி நேரம் நின்றேன். அவ்வளவு அகலமான வெளி, ஒரு மணல் குழிகூடக் கிடையாது. அப்படியும் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. இயன் பேக்கர்-ஃபின்ச், 1991இல் ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்றவர், 1995 ஓபனில் இதே இடத்தில் முதல் அடியையே எல்லைக்கு வெளியே அடித்தாராம். அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு ஆட்டத்தின்மேல் நம்பிக்கை பிறந்தது. பட்டம் வாங்கியவரும் நானும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யலாம் என்றால் அது நல்ல ஆட்டம்தான்.

அடுத்த ஒரு வாரம் நோட்டு கொழுத்தது. மொத்த மணல் குழிகள் 112. பெயர் வைத்திருக்கிறார்கள் பாவிகள். ஒன்று நரகம், ஒன்று சிங்கத்தின் வாய், இன்னும் சிலவற்றுக்குச் சவப்பெட்டிகள், பதினாறாவதில் கல்லூரி முதல்வரின் மூக்கு. பதினெட்டில் பதினான்கு குழிகள் இரண்டிரண்டாக ஒரே பச்சையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த இரண்டு என்பதற்கு ஒரு சூத்திரம்: கூட்டினால் 18 வரும். இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், இப்படி. போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்புக் கொடி. இதை வாய்ப்பாடாக ஒப்பித்து வைத்தேன். ஒட்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவனுக்கு ஒரே முற்றத்தை இரண்டு வீட்டார் புழங்குவதில் புரியாதது ஒன்றுமில்லை.

பதினேழாவதுதான் பேர்போனது. பார் 4, அதாவது நன்றாக ஆடுபவருக்கு நான்கு அடி. பச்சையின் அந்தப் பக்கம் தார் ரோடு, இந்தப் பக்கம் பானை மாதிரி ஆழமான ஒரு மணல் குழி. 1978 ஓபனில் டாமி நகஜிமா என்ற ஜப்பானியர் பச்சைக்கு வந்தபிறகு மெதுவாக உருட்டிய பந்து, உருண்டுபோய் அந்த மணல் குழியில் விழுந்தது. வெளியே எடுக்க நான்கு அடி ஆயிற்று. மொத்தம் 9. இந்த மணல் குழிக்கு என் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, 'எக்காரணம் கொண்டும் இதில் இறங்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அது போக, மழைக்கோட்டு, உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி, தயிர்சாதம் (மிளகாய் இல்லாமல்), சர்க்கரை மாத்திரை, பாதி வழியில் கழிப்பறை. அறுபத்தாறு வயதுக்காரனின் எந்தப் பயணத் திட்டத்திலும் கடைசி வரிதான் முதல் வரி.

இடம் பிடிப்பதுதான் சூட்சுமம். அங்கே பெரும்பாலும் குலுக்கல். ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகல் 2 மணிக்குள், இரண்டு முதல் நான்கு பேராகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலைக்குள் யாருக்கு விழுந்தது என்று தெரிந்துவிடும். திருமலையில் ஆர்ஜித சேவைக்கு ஆன்லைனில் குலுக்குகிறார்களே, அச்சு அசல் அதுதான். தனி ஆளாக வருபவர்கள் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே வாசலில் வரிசை கட்டி நிற்பார்களாம். 2024இல் அதையும் குலுக்கலாக்கிவிட்டார்கள். எனக்கு நேர்ந்த நஷ்டம் இது. கோல்ஃபில் நான் எப்படியோ, விடிய விடிய வரிசையில் நிற்பதில் எனக்கு நிகர் அந்த ஊரில் ஒருவர் இருந்திருக்க மாட்டார். மகளுக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்க, துண்டு விரித்துத் தெருவில் படுத்தவன் நான்.

குலுக்கல் என்றதும் மனைவிக்கு முதல் தடவையாக ஆர்வம் வந்தது. "எந்தச் சாமிக்கு வேண்டிக்கணும்?" என்றாள்.

அதற்கும் நோட்டில் விடை இருந்தது. அந்தக் காலத்தில் கோல்ஃப் பந்து என்பது இறகை அடைத்துத் தைத்த தோல் உருண்டை. விலையோ யானை விலை. 1840களில் குட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினில் பந்து செய்தபிறகுதான் சாதாரண ஜனங்களாலும் ஆட முடிந்தது. அந்தப் பிசின் வந்த வழிக்கு செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிலிருந்து ஒரு விஷ்ணு சிலை கப்பலில் அந்த ஊருக்கு வந்ததாம். உடையாமல் இருக்கச் சுற்றி அடைத்திருந்தது இந்தப் பிசின். சிலை வந்த வீட்டுப் பையன், ராபர்ட் பேட்டர்சன், பிசினை உருக்கி உருட்டிப் பந்தாக்கினானாம். நடந்ததோ இல்லையோ, நான் நம்புகிறேன்.

"அப்போ பெருமாளுக்கே முடிஞ்சு வெச்சுடறேன்" என்று ஒரு பவுண்டு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்தாள்.

அன்று இரவு மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்தார். என் பெயர், அவர் பெயர். அடுத்த கட்டத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, உங்க ஹாண்டிகேப் என்ன?"

"முழங்கால்தான். மத்தபடி ஒண்ணுமில்ல."

அது இல்லையாம். ஹாண்டிகேப் என்பது ஓர் எண். உங்களால் எவ்வளவு முடியாது என்பதைக் கணக்குப் போட்டு, முத்திரை குத்தித் தருவது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் ஹாண்டிகேப் 36க்குள் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும்.

"எங்கே எழுதியிருக்கு?" என்றேன்.

விதிகள் பக்கத்தில் விரலை வைத்தார். என் நோட்டில் அதே பக்கத்திலிருந்து தேதி, நேரம், கட்டணம் எல்லாம் எடுத்து எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன். "மூணு தடவை சொல்ல வந்தேன் மாமா, நீங்க முயல் கதையில இருந்தீங்க" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாக. சமையல்கட்டிலிருந்து மனைவி குரல் வந்தது: "ஸார், கையெழுத்துப் போடும்போதே இதைப் படிச்சிருக்கணும்."

முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, அத்தனை பேரும் அன்று இரவு என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

ஆனாலும் விடவில்லை. ஹாண்டிகேப் வாங்குவதற்கு வழி இருக்கிறது. 54 குழிகள், அதாவது மூன்று முழு ஆட்டம் ஆடி, கூட வருபவர் சாட்சிக் கையெழுத்திட்ட அட்டைகளைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு கிளப்பில் உறுப்பினர். அவருடைய ஹாண்டிகேப் 27. மூன்று சனிக்கிழமைகளை எனக்கு எழுதி வைத்தார். நல்ல பிள்ளை. மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசுவதைக் கொஞ்ச நாள் தவிர்த்தார் என்றாலும்.

முதல் சனிக்கிழமை கடலிலிருந்து மூடுபனி வந்தது. ஹார் என்கிறார்கள். பந்தை அடித்தேன், போனதா, காலடியில் இருக்கிறதா தெரியவில்லை. காலடியில்தான் இருந்தது. இரண்டாவது அடியில் முள் புதருக்குள் போயிற்று. கார்ஸ் என்று பெயர். மஞ்சளாகப் பூத்து அழகாக இருக்கும், நம் சீமைக் கருவேலத்துக்குப் பெரியப்பா மகன். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிஷம்தான் அனுமதி. 2019க்கு முன் ஐந்து நிமிஷம் இருந்ததாம். வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேட எனக்கு இதைவிட தாராளமாக அவகாசம் தருகிறார்கள். ஆறு பந்தோடு போய், ஐந்தாவது குழியிலேயே மாப்பிள்ளையிடம் கைநீட்டினேன்.

பின்னால் ஒரு பாட்டி வந்தார். எண்பது இருக்கும். சக்கரம் வைத்த பையைத் தானே இழுத்துக்கொண்டு, தனியாக. வேகமாக வருபவருக்கு வழிவிடுவது மரபு என்பதால் ஒதுங்கி நின்றேன். பந்து ஒழுங்காக நூறு கஜம், நேராக. மறுபடி நூறு கஜம். ரேஷன் கடைக்குப் போய் வருவது போலப் போய்விட்டார். போகும்போது என்னிடம் ஏதோ சொன்னார். டண்டீ ஆங்கிலம், எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்தது. என்னவென்று கேட்டதற்கு, "க்ளைமேட் பத்திதான் மாமா" என்றார்.

ஒரு விதி மட்டும் என் தொழிலுக்கு ஏற்றதாக அமைந்தது. புதிதாக ஹாண்டிகேப் வாங்குபவர் ஒரு குழியில் எத்தனை அடி அடித்திருந்தாலும், அதன் பாருக்கு மேல் ஐந்துதான் கணக்கு. பதினைந்து அடித்தாலும் பார் 4 குழியில் 9தான். இழப்பு எவ்வளவு ஆனாலும் கம்பெனி பொறுப்பு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைப்போமே, அதேதான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த விதியின் நிழலில் நானே ஒதுங்கினேன்.

உச்சவரம்பு இருந்தும் அட்டைகள் 141, 138, 144 என்று வந்தன. கணக்குப் போட்டால் விடை அறுபதைத் தாண்டிற்று. ஆனால் உலகத்தில் யாருக்கும் ஹாண்டிகேப் 54க்கு மேல் கிடையாது, அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு 54 என்று வந்தது. சான்றிதழைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, ஜாஸ்தின்னா நல்லதுதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மகிழ்ச்சி அவளுக்கு இரண்டு நாள் இருந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்த அறக்கட்டளைக்கு மொத்தம் ஏழு மைதானங்கள் உண்டு. பால்கோவ் என்று ஒன்பது குழி மைதானம், புதிதாகக் கற்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். சான்றிதழ் தேவையில்லை. அதற்குப் போகலாமே என்று மாப்பிள்ளை பக்குவமாக எடுத்துச் சொன்னார். அறுபத்தாறு வயதில் குழந்தைகள் வரிசையில் நிற்க மாட்டேன் என்று ஒரு கௌரவம் பார்த்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த வரிசையில் நின்றிருந்தால் என்னைவிடச் சுமாராக ஆடுகிற யாரையாவது பார்த்திருக்கலாம். இமயமலை என்று பெயர் வைத்த ஒரு மேட்டுப்பள்ளப் பச்சையும் இருக்கிறது. பந்தை உருட்டி மட்டும் ஆடுவது, 1867இல் பெண்களுக்காக ஏற்பட்ட சங்கத்துடையது, பொதுஜனமும் சில பவுண்டுக்கு ஆடலாம். மனைவி அதைக் கேட்டுவிட்டு, "இது ஒண்ணுதான் அந்த நோட்டுலயே மனுஷங்க ஆடற மாதிரி இருக்கு" என்றாள்.

மாப்பிள்ளை தம் ஆபீஸ் நண்பரோடு சேர்ந்து குலுக்கலில் பெயர் கொடுத்தார். நான் கூடவே நடந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான்கு முறை கொடுத்தோம். நான்கு முறையும் மனைவி மஞ்சள் துணியில் ஒரு பவுண்டு முடிந்தாள். நான்கு முறையும் பெயர் இல்லை. திருப்பதி சேவைக் குலுக்கலிலும் எங்களுக்கு இதே ராசிதான். பெருமாள் ஒரே சீராக நடத்துகிறார் என்று எடுத்துக்கொண்டோம். அதற்குள் விசா முடிய ஒன்பது நாள் இருந்தது.

"அந்த நோட்டைக் குடுங்க" என்றாள் மனைவி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முயல், பிஷப், கொடி நிறம், தயிர்சாதம் எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். குலுக்கல் நாட்களுக்குக் கீழே நானே எழுதியது: ஞாயிறு, ஆட்டம் இல்லை, மைதானம் மூடல்.

"மூடல்னா? கேட்டுப் பூட்டா?"

கேட்டே கிடையாதே. ஞாயிறு மைதானத்துக்கு ஓய்வு. ஓல்டு டாம் மாரிஸ் என்ற பழைய மைதானக் காப்பாளர், ஆட்டக்காரனுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பாராம். பெரிய போட்டி நடக்கும் ஞாயிறுகள் தவிர மற்ற ஞாயிறுகளில் ஊர் ஜனங்கள் பூங்கா போல நடக்கிறார்கள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள். அவ்வளவுதான் திட்டம்.

போனோம். ஐந்து பேரும், 99ஆம் எண் பஸ்ஸில், புளியோதரையோடு. முப்பதாயிரம் ரூபாய் இல்லை, சான்றிதழ் இல்லை, ஒரு மட்டைகூட இல்லை. முதல் குழியின் புல்லில் நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்வில்கன் ஓடைமேல் அந்தச் சின்னக் கல்பாலம் இருக்கிறதே, உலகப் புகழ் ஆட்டக்காரர்கள் கையசைத்து விடைபெறும் இடம், அதில் என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். கோயில் மாதிரி இருக்காம். மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். நான் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன், யாரும் கேட்கவில்லை.

பதினேழாவது பச்சை அருகே வரும்போது பேரனைக் காணோம். பார்த்தால் அந்த மணல் குழிக்குள் இருக்கிறான். நகஜிமா குழி. குந்தி உட்கார்ந்து, விரலால் ஏதோ செய்கிறான். எட்டிப் பார்த்தேன். 'அ' எழுதியிருந்தான். ஐந்து மாதமாக நான் காகிதம் கொடுத்து, பென்சில் கொடுத்து, சாக்லேட் கொடுத்து எழுதாத 'அ'. சுழி கொஞ்சம் கோணல், ஆனால் 'அ'தான். சவுத் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பி ஆண்ட்ரூ பெல்லுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஊர்க்காரர்கள் ஞாயிறு நடக்கும்போதும் மணல் குழிக்குள் இறங்குவதில்லை, அது மரியாதை. யாராவது பார்ப்பதற்குள் பிள்ளையைத் தூக்கிவிட்டு, மணலைத் தடவிச் சரி செய்ய வேண்டும். சிவப்பு மை ஞாபகம் வந்தது. இருந்தாலும் குதித்தேன். 'அ'வைப் போட்டோ எடுத்தபிறகு கையால் அழித்தேன். அப்புறம் மேலே ஏறப் பார்த்தேன். புல் கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். முதல் முயற்சியில் கால் வழுக்கிற்று. இரண்டாவதில் மணலோடு உட்கார்ந்தேன். மூன்றாவதில் மாப்பிள்ளை கை கொடுத்தார். அவரும் உள்ளே வந்துவிடுவார் போலிருந்ததால் விட்டுவிட்டேன். மேலே கரையில் என் மனைவி புளியோதரைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். நாய் பிடித்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போனார்.

நான்காவது முயற்சியில் முழங்காலை ஊன்றி, புல்லைப் பிடித்து, எப்படியோ வெளியே வந்தேன். பேரன் எனக்கு முன்பே மேலே நின்றுகொண்டிருந்தான். குழியின் பின்பக்கம் சரிவாக இருக்கிறது. அவன் அது வழியாக நடந்து வந்துவிட்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டை எடுத்து அந்தத் தனிப் பக்கத்தில் எழுதினேன்: பதினேழாவது குழி. பார் 4. நான் எடுத்தது 4.